அடிப்பலகைக்குக் கீழே

எண்ணூர்
8-6-1947

அன்புள்ள தங்கை கெங்கம்மாளுக்கு அண்ணன் தேசப்பன் எழுதுவது. இங்கு நான் சுகம். நைனாவின் முழங்கால் வலி குறைந்ததா, அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா என்று எழுது.

நான் லாரியை விட்டுவிட்டேன். நைனாவிடம் பக்குவமாகச் சொல். வேறு வேலை கையில் கிடைத்த பிறகுதான் விட்டேன். இப்போது ஓட்டுவது படகு. துடுப்புப் படகு இல்லை, என்ஜின் வைத்த உல்லாசப் படகு. இருபத்தெட்டு அடி நீளம். நடுவில் சின்ன அறை, அதில் மெத்தை போட்ட இரண்டு பெஞ்சு, கண்ணாடி ஜன்னல். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை இதை மரக்கிடங்கு பரந்தாமன் முதலாளிக்கு விற்றுவிட்டார். படகின் பெயர் மேபெல். துரைசானி பெயராம்.

என்ஜின் எனக்குப் பழகியதுதான். நாலு சிலிண்டர், பெட்ரோல். ஆனால் மற்ற குழாயெல்லாம் எங்கிருந்து எங்கே போகிறது என்று விளங்கவில்லை. துரை ஒரு இங்கிலீஷ் புத்தகம் விட்டுப் போயிருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி அதைக் கையில் கொடுத்து, "இங்கிலீஷ் படிப்பியாடா?" என்றார். சுற்றிலும் நாலு பேர் நின்றார்கள். "ஆங், படிப்பேங்க" என்று சொல்லிவிட்டேன். ஐந்தாவதோடு நின்றவன் என்று அப்போது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

புத்தகத்தைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நீ பி.ஏ. படித்தது இதற்காவது உதவட்டும். ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் எழுதி அனுப்பு. இது நமக்குள் இருக்கட்டும்.

ஆசீர்வாதத்துடன்,
தேசப்பன்


திருத்தணி
19-6-1947

அன்புள்ள அண்ணாவுக்கு கெங்கம்மாளின் வணக்கம். இங்கே மூவரும் நலம். நைனாவுக்கு வலி மழைக்காற்றில் கொஞ்சம் கூடியிருக்கிறது. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீச்சல் தெரியாதவர் கடலில் வேலை பார்ப்பதை அம்மா நினைத்து நினைத்து வருந்துகிறாள்.

புத்தகம் வந்தது. எண்பத்திரண்டு பக்கம். நான் படித்தது சரித்திரம். அரசர்கள் கப்பல் கட்டியதைப் படித்திருக்கிறேனே ஒழிய, அந்தக் கப்பலுக்குள் தண்ணீர் எப்படிப் போனது என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. அகராதியில் இல்லாத சொற்கள் நிறைய. படங்கள் இருப்பதால் பிழைத்தேன்.

பெட்ரோல் பகுதியை முதலில் எழுதுகிறேன். ஒவ்வொரு பெஞ்சுக்கும் அடியில் ஒரு செப்பு டேங்க். மேல்தளத்தில் பித்தளை மூடி இருக்கும். அதைத் திறந்துதான் ஊற்ற வேண்டும். மூடியிலிருந்து டேங்க் வரை ஒரு குழாய். டேங்கிலிருந்து காற்றுப் போக மெல்லிய குழாய் ஒன்று படகின் வெளிப்பக்கம் திறந்திருக்கும். டேங்குக்கு அடியில் ஒரு திருகு. அங்கிருந்து செப்புக் குழாய் கண்ணாடிக் கிண்ணம் வைத்த வடிகட்டிக்குப் போய், பிறகு கார்புரேட்டருக்குப் போகிறது. இரவில் படகைக் கட்டிவிட்டு அந்தத் திருகை மூடச் சொல்கிறது புத்தகம். டேங்கை விளிம்புவரை நிரப்பக்கூடாது என்று இரண்டு இடத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது.

நான் எழுதியதற்கும் அங்கே இருப்பதற்கும் பொருந்துகிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து எழுதுங்கள். கண்ணால் பார்க்காத பொருளைப் பற்றி எழுதுவது எனக்குப் பயமாக இருக்கிறது.

தங்கள் அன்புத் தங்கை,
கெங்கம்மாள்


எண்ணூர்
3-7-1947

அன்புள்ள கெங்கம்மாளுக்கு ஆசீர்வாதம். நான் சுகம். நீச்சலைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம். உடன் வேலை செய்யும் சேட்டு இந்த ஊர் மீனவன், நாற்பது வயது ஆள். "நீ வுழுந்தா நான் முடியப் புடிச்சி இஸ்துகினு வந்துடுவேன் டிரைவரே, ஆனா உனக்கு முடிதான் கம்மி" என்கிறான்.

நீ எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு குழாய் குழாயாகத் தடவிப் பார்த்தேன். எல்லாம் அப்படியே இருக்கிறது. ஒன்று மட்டும் வேறு. இடது பக்க மூடிக்கும் டேங்குக்கும் நடுவில் செப்புக் குழாய் இல்லை. சண்டைக் காலத்தில் கிடைக்காமல் போயிருக்கும். சைக்கிள் டியூபை வெட்டி மாட்டிக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள்.

முதலாளி ரேஷன் கூப்பனுக்குக் கிடைக்கிற மாதப் பெட்ரோல் முழுவதையும் ஒரே நாளில் ஊற்றச் சொல்கிறார். கிடங்கில் வைத்தால் களவு போகுமாம். அதனால் விளிம்புவரைதான் ஊற்றுகிறேன். ஊற்றின அன்று அறையில் பெட்ரோல் வாடை அடிக்கிறது. முதலாளியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாப்பா இது, வாந்தி வருது" என்றார். லாரியில் நாலு சொட்டு ஒழுகினால் ரோட்டில் போய்விடும், இங்கே தரைப் பலகையில் நிற்கிறது. லாரி ஷெட்டில் செய்வது போல மரத்தூளைக் கொட்டித் தேய்த்துவிட்டேன். முதலாளி கிடங்கில் மரத்தூளுக்கா பஞ்சம்!

பலகையைத் தூக்கியபோது அடியில் முன்னாலிருந்து பின்னால்வரை ஒரு துருப்பிடித்த மெல்லிய சங்கிலி கிடந்தது. எதிலும் மாட்டியிருக்கவில்லை. துரை போட்டுவிட்டுப் போன குப்பை. உருவி எடுத்துவிட்டேன். சேட்டு தன் வீட்டு ஆட்டைக் கட்ட எடுத்துக்கொண்டான்.

அடுத்தது தண்ணீர் வடிகிற பகுதியை எழுது.

தேசப்பன்


திருத்தணி
12-7-1947

அன்புள்ள அண்ணாவுக்கு வணக்கம். எல்லோரும் நலம். ஆடிக் கிருத்திகைக்கு ஊரில் கடைகள் முளைக்கத் தொடங்கிவிட்டன.

அந்தச் சங்கிலியை உடனே ஆட்டிடமிருந்து வாங்கிவிடுங்கள். சிரிக்காதீர்கள். அது குப்பை இல்லை. முப்பத்தேழாம் பக்கத்தில் அதற்குத் தனிப் படமே இருக்கிறது.

மேல்தளத்தில் விழும் மழைத்தண்ணீர் ஓர ஓட்டைகள் வழியாகத் தானே கடலுக்குப் போய்விடும். உள்ளே கசிகிற தண்ணீர் அப்படிப் போகாது, படகின் அடிப்பள்ளத்தில் தேங்கும். அடியில் குறுக்கே வரிசையாகக் கட்டைகள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் ஒவ்வொன்றிலும் கீழே ஒரு சிறு துவாரம் உண்டு. தண்ணீர் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓடிக் கடைசியில் பின்பக்கக் கைப்பம்பு இருக்கும் பள்ளத்துக்கு வரும். இந்தத் துவாரத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று இரண்டு நாள் திண்டாடினேன். படத்தைக் காட்டியதும் நைனா, "இது இன்னா பெரிய சமாசாரம்? மடைம்மா. மேக்கழனித் தண்ணி கீக்கழனிக்குப் போற மடை" என்றார். பி.ஏ.வுக்குத் தெரியாதது கழனிக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தச் சங்கிலி எல்லா மடைகளுக்குள்ளும் கோத்துப் போட்டிருப்பது. வாரம் ஒரு முறை முன்னும் பின்னும் இழுத்தால் அடைப்பு விலகும். இப்போது சங்கிலியும் இல்லை, மேலே மரத்தூளும் கொட்டியிருக்கிறீர்கள். மடை அடைத்தால் பெஞ்சுக்கு அடியில் ஒழுகியது அங்கேயே நிற்கும். பம்பு இருக்கும் இடத்துக்கு வராது. நீங்கள் பம்பு அடித்தால் நல்ல தண்ணீர்தான் வரும், படகு சுத்தமாக இருப்பதாகத் தோன்றும்.

இன்னொன்றும் செய்து பார்த்தேன். ஒரு சொம்பில் பாதி தண்ணீர் விட்டு மேலே கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி, பப்பாளிக் காம்பை அடிவரை விட்டுத் தண்ணீரை இழுத்துக் கீழே வடியவிட்டேன். தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது, எண்ணெய் மட்டும் சொம்பிலேயே நின்றது. பம்பும் அடியிலிருந்துதான் இழுக்கிறது. அம்மா சொம்பு கெட்டது என்று திட்டினாள்.

நாற்பத்தொன்றாம் பக்கத்தை அப்படியே தருகிறேன்: "பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே எழுந்து கலைந்து போகாது. கண்ணுக்குத் தெரியாமல் அடிப்பள்ளத்தில் தண்ணீரைப் போலக் கிடக்கும். ஒரு கோப்பைப் பெட்ரோலின் ஆவி ஒரு பொறியில் படகையே பிளக்கும்."

சைக்கிள் டியூபை மாற்ற வேண்டும். பலகைகளை முழுவதும் கழற்றி மடைகளைச் சுத்தம் செய்து சங்கிலியைக் கோக்க வேண்டும். முதலாளியிடம் சொல்லுங்கள்.

தங்கள்,
கெங்கம்மாள்


எண்ணூர்
20-8-1947

அன்புள்ள கெங்கம்மாளுக்கு ஆசீர்வாதம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம்.

எல்லாவற்றையும் சரி செய்துவிட்டேன். இப்போது வாடை இல்லை.

பதினைந்தாம் தேதி நீ பார்த்திருக்க வேண்டும். படகு முழுக்கக் கொடி கட்டி முகத்துவாரம்வரை போய் வந்தோம். கரையில் நின்ற ஜனங்கள் எங்களைப் பார்த்துக் கை தட்டினார்கள். முதலாளியின் மூன்று பேரப்பிள்ளைகளும் என் மடியில் உட்கார்ந்துதான் சக்கரத்தைப் பிடிப்பேன் என்று சண்டை. இறங்கியதும் முதலாளி எல்லார் எதிரிலும், "துரைகிட்ட இருந்த டிரைவர்கூட இப்படி ஓட்டலை. இவன் புஸ்தகத்தப் படிச்சி ஓட்றான்" என்றார்.

சேட்டு எனக்குத் தூண்டில் போடச் சொல்லிக்கொடுத்தான். இதுவரை ஒரு மீனும் என்னை மதிக்கவில்லை. மடவை மீன் குழம்பு இங்கே அருமையாக இருக்கும். அம்மாவை ஒருமுறை அழைத்து வர வேண்டும். உன் பள்ளிக்கூட வேலை என்ன ஆயிற்று?

தேசப்பன்


திருத்தணி
1-9-1947

அன்புள்ள அண்ணாவுக்கு வணக்கம். நலம். நைனா இப்போது தடி ஊன்றி நடக்கிறார்.

பள்ளிக்கூட வேலைக்கு நேர்முகம் போனேன். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். "உன் பெயர் என்னம்மா?" என்று கேட்டார்கள். சொன்னேன். அவர்களுக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். அப்போதும் கேட்கவில்லை. மூன்றாம் முறை சொல்வதற்குள் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். வெளியே காத்திருந்த நைனா, "நாலு வருஷம் பட்ணத்துல படிச்சிட்டு பேரச் சொல்ல வரலன்னா எப்டிம்மா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அழுகை வந்தது.

வாடை போனது அறிந்து நிம்மதி. டியூபுக்குப் பதில் என்ன குழாய் போட்டீர்கள்? பலகைகளைக் கழற்ற எத்தனை நாள் ஆயிற்று? சங்கிலியைச் சேட்டு திருப்பிக் கொடுத்துவிட்டாரா? இந்த மூன்றையும் நீங்கள் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் பரவாயில்லை என்று விட முடியவில்லை. எழுதுங்கள்.

தங்கள்,
கெங்கம்மாள்


எண்ணூர்
6-10-1947

என் தாயார் ரத்தினம்மாள் அவர்களுக்கு மகன் தேசப்பன் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். கெங்கம்மாளை வாசித்துக் காட்டச் சொல்லவும்.

ஆயுத பூஜைக்கு ஊருக்கு வர முடியாது. அன்று முதலாளி படகில் பூஜை வைத்திருக்கிறார். வீட்டார், சம்பந்தி வீட்டார், குழந்தைகள் எல்லாரும் வருகிறார்கள். என்ஜினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, எலுமிச்சம்பழம் நசுக்கிப் படகை எடுக்க வேண்டும். என் கையால்தான் ஏற்ற வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அதனால் மலைக்குப் போய் முருகனுக்கு அர்ச்சனை செய்து, விபூதியும் ஒரு கட்டுக் கற்பூரமும் அனுப்பவும்.

அதோடு படிக்கட்டுக் கடையில் விற்கிற மல்லிகை ஊதுவத்தி நாலு பாக்கெட்டும் அனுப்பவும். காலையிலும் மாலையிலும் அறையில் ஏற்றி வைக்கிறேன். முதலாளியம்மா இப்போது மூக்கைப் பொத்துவதில்லை. இந்த ஊர் ஊதுவத்தியில் மணம் போதவில்லை.

தங்கள் மகன்,
தேசப்பன்


திருத்தணி
8-10-1947

அண்ணா,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஊதுவத்தி என்ற இடம் வந்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். அம்மா, "இன்னாடி, எழுத்து வெளங்கலியா?" என்றாள். ஆமாம் என்று சொல்லி அந்த வரியைத் தாண்டிவிட்டேன்.

வாடை போகவில்லை. நீங்கள் மறைத்திருக்கிறீர்கள். என்னிடம் மறைத்தால் போகட்டும். பெட்ரோல் கிடக்கிற அறைக்குள் நெருப்புக் குச்சி கிழித்து ஊதுவத்தி ஏற்றுகிறீர்களே! இத்தனை நாள் ஜன்னல்களைத் திறந்து வைத்ததால் தப்பியிருக்கலாம். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. பூஜையன்று அத்தனை பேரை அறைக்குள் உட்கார வைத்து, என்ஜின் பலகையைத் திறந்து, குனிந்து கற்பூரம் காட்டப் போகிறீர்கள். பஸ்ஸுக்கும் லாரிக்கும் காட்டுவது போல இதற்குக் காட்டக்கூடாது. நாற்பத்தொன்றாம் பக்கத்தை மறுபடியும் படியுங்கள்.

கற்பூரம் அனுப்ப மாட்டேன். அம்மாவிடம் அனுப்பிவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன். அவளிடம் இதுவரை பொய் சொல்லாத நான் இன்று இரண்டு சொல்லிவிட்டேன்.

முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் படகு பழுது என்று சொல்லுங்கள். கடிதம் கிடைத்தவுடன் ஒரே ஒரு வரி பதில் போடுங்கள். 'ஏற்றவில்லை' என்று எழுதினால் போதும்.

கெங்கம்மாள்


திருத்தணி
18-10-1947

மதிப்பிற்குரிய பரந்தாமன் முதலாளி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டும். இதைத் தங்களுக்கு நான் வெறும் வழக்கத்துக்காக எழுதவில்லை.

நான் தங்கள் படகு டிரைவர் தேசப்பனின் தங்கை. தாங்கள் என்னைப் பார்த்ததில்லை. அந்நியருக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது.

வரும் வியாழக்கிழமை ஆயுத பூஜையன்று தயவுசெய்து படகுக்குள் கற்பூரமோ விளக்கோ ஊதுவத்தியோ ஏற்ற வேண்டாம். அதற்கு முன்பே இடது பக்கப் பெஞ்சுக்குக் கீழுள்ள பலகைகளை எடுத்துப் பார்க்கும்படி வேண்டுகிறேன். நிரப்புகிற குழாய் இருக்க வேண்டிய இடத்தில் சைக்கிள் டியூப் இருக்கிறது. விளிம்புவரை ஊற்றும்போதெல்லாம் அது உள்ளே ஒழுகுகிறது. ஒழுகியது வெளியேற வேண்டிய மடைகள் மரத்தூளால் அடைபட்டிருக்கின்றன. பம்பில் வரும் தண்ணீர் சுத்தமாக இருப்பதை நம்ப வேண்டாம். துரை விட்டுப்போன புத்தகத்தின் முப்பத்தேழு, நாற்பத்தொன்று ஆகிய பக்கங்களைத் தங்களுக்குத் தெரிந்த யாரையாவது படிக்கச் சொல்லுங்கள். புத்தகத்தைத் தனிப் பார்சலில் அனுப்புகிறேன்.

புத்தகம் என்னிடம் எப்படி வந்தது என்று தாங்கள் கேட்பீர்கள். என் அண்ணனுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. நான் தமிழில் எழுதி அனுப்பியதைப் படித்துத்தான் படகை ஓட்டி வந்தார். அவருக்கு என்ஜின் நன்றாகத் தெரியும், ஆளும் நல்லவர். பலகைகளைக் கழற்றினால், புத்தகத்தைப் படிக்காமல் மரத்தூள் கொட்டியது தெரிந்து இந்த விஷயமும் வெளிவரும் என்று பயந்திருக்கிறார். பத்து நாளாக என் கடிதத்துக்குப் பதில் இல்லை.

இதனால் அவர் வேலை போகலாம். தெரிந்துதான் எழுதுகிறேன்.

தங்கள்,
கெங்கம்மாள்


சென்னை, இராயபுரம்
25-10-1947

பி.ஏ. படித்த கெங்கம்மாளுக்கு மரக்கிடங்கு பரந்தாமன் எழுதிக்கொண்டது. நலம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. செவ்வாய் விடியற்காலை சொல்லாமல் போய்ப் படகில் ஏறினேன். உன் அண்ணன் எனக்கு முன்பே வந்திருந்தான். ஒரு பலகையைத் தூக்கி வைத்து, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தான். கண் இரண்டும் சிவந்து போயிருந்தது. சேட்டைக் கேட்டேன். "தெனம் காலையில இதாங்க வேலை. கேட்டா ஊத்துத் தண்ணின்றாரு. தண்ணி எங்கயாவது அப்டி நாறுங்களா?" என்றான்.

மீதிப் பலகைகளைக் கழற்றச் சொன்னேன். அடியில் பெட்ரோல் நாலு விரற்கடை நின்றது. தச்சன் வந்து பார்த்துவிட்டுச் சட்டையில் இருந்த பீடியைக்கூடக் கரையில் வைத்துவிட்டு வந்தான்.

பூஜையன்று சந்தனமும் குங்குமமும் பூவும் மட்டும். கற்பூரத்தை மணலில் ஏற்றினோம். யாரும் படகில் ஏறவில்லை. சம்பந்தி வீட்டில் அதற்குக் கொஞ்சம் முகம் சுளித்தார்கள். என் பேரப்பிள்ளைகள் மூவரும் மணலில் விளையாடியதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் அண்ணனை அனுப்பிவிட்டேன். படிக்கத் தெரியாததற்காக இல்லை. எனக்கும் இங்கிலீஷ் தெரியாது. தெரிந்தே மூன்று மாதம் குழந்தைகளை அதன் மேல் உட்கார வைத்தானே, அதற்காக. நீ எழுதினாய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தின் எண்ணைச் சொன்னதும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

பரந்தாமன்


சென்னை, இராயபுரம்
14-12-1947

கெங்கம்மாளுக்கு, பரந்தாமன் எழுதியது. நலம்.

படகில் புதுச் செப்புக் குழாய் போட்டாயிற்று. மடைகளில் சங்கிலி கோத்தாயிற்று. வீரபத்திரன் என்று ஒருவன் டிரைவராகச் சேர்ந்திருக்கிறான். தனக்கும் இங்கிலீஷ் தெரியும் என்கிறான். புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்துப் பார்த்தேன். வெகு நேரம் படித்தான்.

ஆகவே நீ தமிழில் எழுதியதை ஒரு பிரதி எடுத்து அனுப்பு. தக்க சன்மானம் தருகிறேன்.

பரந்தாமன்


திருத்தணி
18-12-1947

மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். தங்கள் பேரப்பிள்ளைகள் நலமா?

என்னிடம் பிரதி இல்லை. புத்தகமும் தங்களிடமே இருக்கிறது. நான் எழுதியவை என் அண்ணனுக்கு எழுதிய கடிதங்கள். அவை அவருடையவை. தங்களுக்கு வேண்டுமானால் அவரிடம்தான் கேட்க வேண்டும். அவர் செங்குன்றத்தில் ஒரு நெல் மில்லில் என்ஜின் பார்ப்பதாக ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். எங்களுக்கு அவர் எழுதுவதில்லை. தீபாவளிக்கும் வரவில்லை. கடிதங்களை வைத்திருக்கிறாரா, கிழித்துப் போட்டாரா என்பதும் எனக்குத் தெரியாது.

சன்மானம் வேண்டாம்.

தங்கள்,
கெங்கம்மாள்


செங்குன்றம்
6-1-1948

அன்புள்ள தங்கை கெங்கம்மாளுக்கு அண்ணன் தேசப்பன் ஆசீர்வாதம். நான் சுகம். நைனா, அம்மா சுகத்துக்கு எழுதவும்.

போன வாரம் சேட்டு என்னைத் தேடி மில்லுக்கு வந்தான். "முதலாளி கூப்டறாரு, உன் காயிதத்தெல்லாம் எடுத்துகினு வரணுமாம்" என்றான். போகக்கூடாது என்றுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை போனேன்.

முதலாளி உட்காரச் சொல்லி, நீ அவருக்கு எழுதிய கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். படித்தேன். உன் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எல்லாருக்கும் காட்டுவார். அந்தக் கடிதத்தில் எழுத்து வரிக்கு வரி கோணிக்கொண்டு போகிறது. இரண்டு இடத்தில் மை பரவியிருக்கிறது. அதைப் பார்க்கும்வரை, நீ எனக்கு வஞ்சம் செய்தாய் என்று இரண்டு மாதம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒன்று எழுதிவிடுகிறேன். எட்டாம் தேதி நீ எழுதியது எனக்குப் பத்தாம் தேதியே கிடைத்தது. அன்றே ஊதுவத்தியை நிறுத்திவிட்டேன். கற்பூரமும் ஏற்றியிருக்க மாட்டேன், கடைசி நிமிஷத்தில் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அத்தனை பேர் நிற்கும்போது முதலாளி தட்டை நீட்டி "ஏத்துடா" என்றிருந்தால் ஏற்றியிருப்பேன். அதனால்தான் உனக்கு அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியவில்லை.

பிறகு படகுக்குப் போனோம். வீரபத்திரனுக்குத் தமிழும் தட்டுத் தடுமாறித்தான் வருகிறது. நானே எல்லாக் கடிதங்களையும் வாசித்து, குழாய் குழாயாகத் தொட்டுக் காட்டினேன். வெயில் சாயும்வரை ஆயிற்று. முதலாளி மேலே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கடிதத்திலும் தலைப்பில் நாலு வரியும் கடைசியில் இரண்டு வரியும் விட்டு விட்டுத்தான் படித்தேன். வீரபத்திரன் எட்டிப் பார்த்து, "இன்னாண்ணா, நடுவுலருந்தே ஆரம்பிக்கறே? மேல ஏதோ எழுதிக்கீதே?" என்றான்.

"அது உனக்கு இல்ல" என்றேன்.

பொங்கலுக்கு மறுநாள் மதிய ரயிலில் வருகிறேன்.

தேசப்பன்